கூலிச்சீட்டும் கொப்பரைக் கணக்கும்: அலுவலகக் கோப்புகளை வலைப்பக்கமாகவே வைத்துக்கொள்ளலாமா?

2025 ஜூன் 8 (காங்கேயத்திலிருந்து ஒரு வாசகர்)

கொப்பரைக் களம் வைத்திருக்கிறேன். பதினோரு வருடத்துக் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் கணினியில் இருக்கின்றன. பழைய கணினி போய்ப் புதியது வந்ததும், அலுவலக மென்பொருளின் உரிமம் முடிந்துவிட்டதாகச் சொல்கிறது. கோப்பைத் திறந்து பார்க்கலாம்; ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. என் களத்துக் கணக்கை நான் தொடுவதற்கு ஆண்டுக்கொரு முறை வாடகை கட்ட வேண்டுமா? உலாவி எல்லாரிடமும் இருக்கிறது. கடிதம், கணக்கு, படக்காட்சி மூன்றையும் வலைப்பக்கமாகவே எழுதி வைத்துக்கொண்டால் என்ன கெட்டுவிடும்?

ஜூன் 8, இரவு

கடிதத்தில் ஒன்றும் கெடாது. படக்காட்சியில் கொஞ்சம் கெடும், சமாளித்துக்கொள்ளலாம். சிக்கல் கணக்கில்தான்.

திருப்பூரில் நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறேன். சனிக்கிழமைக் கூலிச்சீட்டு, டெலிவரி சலான், பேக்கிங் லிஸ்ட், பையருக்குக் கடிதம், ஆடிட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டும் படக்காட்சி என எழுத்து வேலை அத்தனையும் என் தலையில்தான் விடியும். 2021இல் ஒரு பிடிவாதத்தில், மூடிய வடிவங்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, அனைத்தையும் எச்டிஎம்எல்லுக்கு, அதாவது வலைப்பக்கம் எழுதும் மொழிக்கு, மாற்றினேன். பிடிவாதத்தில் பாதி இன்னும் நிற்கிறது; மீதிப் பாதியை ஏன் விட்டேன் என்பதை இங்கே ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

ஜூன் 9

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உரிமம் அன்று, எழுத்துரு. முதலாளியின் தந்தை காலத்தில், 2003 வாக்கில், தட்டச்சு செய்த ஓர் ஒப்பந்தக் கடிதம் தேவைப்பட்டது. கோப்பு இருந்தது, திறந்தது, பக்கமும் நிறைந்திருந்தது. ஆனால் ‘தமிழ்’ என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணினிக்குத் தெரிந்தது ஆங்கில எழுத்து மட்டுமே. அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியது எழுத்துரு. எழுத்துரு போனதும் போர்வையும் போயிற்று. கணினியில் தமிழுக்கு, உலகப் பொதுவாக எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு, அது போதாத இடங்களில் தமிழுக்கென்றே அமைந்த டேஸ்16 குறியீடு என்று தமிழக அரசு ஆணையிட்டது 2010 ஜூனில், நம் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே வாரத்தில். அதற்கு முந்தைய தமிழ்க் கோப்பு உங்கள் களத்தில் இருந்தால், அதை எந்த வடிவத்துக்கு மாற்றுவது என்று யோசிக்கும் முன்பே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அந்த வேலையைச் செய்யாமல் எச்டிஎம்எல்லுக்குப் போனால், குப்பையைப் புதுச் சாக்கில் கட்டியதாகத்தான் ஆகும்.

ஜூன் 10

முதல் குறிப்பில் ‘மூடிய வடிவங்கள்’ என்று எழுதியதை, அவை மூடியவை அல்லவே என்று ஈரோட்டு அன்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். அவர் சொல்வது சரி, என் சொல் பிழை. வேர்டு, எக்செல் கோப்புகளின் வடிவங்களான டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகியவை 2006இல் எக்மா என்ற அமைப்பின் தரமாகி, 2008இல் உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓவிடம் 29500 என்ற எண்ணும் பெற்றவை; விவரக்குறிப்பு வெளியில் கிடைக்கிறது, யாரும் படிக்கலாம். அதன் முதல் பதிப்பு ஆறாயிரம் பக்கங்களுக்கு மேல் என்பதால், படித்து முடித்தவர் யாரென்று கேட்பதுதான் கடினம். இலவச அலுவலக மென்பொருளான லிப்ரேஆஃபிஸ் பயன்படுத்தும் ஓடிஎஃப் வடிவம் 2005இல் ஒயாசிஸ் என்ற இன்னோர் அமைப்பின் தரமாகி, மறு ஆண்டே ஐஎஸ்ஓ 26300 ஆயிற்று.

ஆகவே ‘திறந்த வடிவம்’ என்ற அளவுகோலால் மட்டும் பிரித்தால் எல்லாமே தேறிவிடும். நான் வேண்டுவது இன்னும் குறுகியது: அந்தக் கோப்பைப் படிக்க, எவருடைய கணினியிலும் ஏற்கெனவே இருக்கிற ஒன்றே போதுமாக இருக்க வேண்டும். இணையத்தின் முதல் தளம் என்று செர்ன் என்ற ஐரோப்பிய ஆய்வு நிறுவனம் காத்துவைத்திருக்கும் 1992ஆம் ஆண்டுப் பக்கங்கள், நேற்று வாங்கிய கைப்பேசியிலும் அப்படியே திறக்கின்றன. என்னிடம் இருக்கும் 2003 கடிதத்தால் அது முடியவில்லை.

ஜூன் 11

நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை. ஓர் ஓடிடி கோப்பையோ (ஓடிஎஃப் குடும்பத்தின் கடிதக் கோப்பு) டாக்எக்ஸ் கோப்பையோ நகலெடுத்து, பெயரின் வாலை மட்டும் ‘ஜிப்’ என்று மாற்றி விரித்துப் பாருங்கள். உள்ளே எக்ஸ்எம்எல் என்ற வெறும் எழுத்துக் கோப்புகள் மூட்டை கட்டிக் கிடக்கும். ஓடிடியில் ‘கண்டென்ட்’ என்ற பெயருள்ள கோப்பில் உங்கள் கடிதம் முழுவதும் தெரியும். நான் இதைக் காட்டியபோது முதலாளி, “இத்தனை நாளா இந்தச் சாக்குக்குத்தான் காசு கட்டுனமா?” என்றார். சாக்குக்கு இல்லை, சாக்கு தைக்கும் ஊசிக்கு என்றேன்.

ஜூன் 14

சறுக்கிய கதையும் சொல்ல வேண்டும். கூலிச்சீட்டை எச்டிஎம்எல்லாக எழுதி, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் அழகாகத் திறக்கும் என்பது என் கணக்கு. திறந்தது. ஆனால் தலைப்பில் கம்பெனி முத்திரை இருந்த இடத்தில் கிழிந்த படம் போல ஒரு சின்னக் கட்டம். காரணம் எளிது: முத்திரை வேறொரு கோப்புறையில் தனிக் கோப்பாக இருந்தது, வலைப்பக்கமோ அதன் முகவரியை மட்டும் வைத்திருந்தது, பக்கம் மட்டும் பஸ் ஏறிப் போய்விட்டது, படம் என் கணினியிலேயே நின்றுவிட்டது. அலுவலக மென்பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதன் அருமை அன்றுதான் எனக்குப் புரிந்தது.

படத்தை எழுத்துகளாக மாற்றிப் பக்கத்துக்குள்ளேயே பதிக்கும் வழி உண்டு. அந்த பேஸ்64 முறையில் மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து செலவாகும். அதாவது படம் மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். முத்திரைக்கு இது பெரிதில்லை. எங்கள் முத்திரையை எஸ்விஜி என்ற பட வடிவில் வரைந்த பின் அந்தக் கவலையும் தீர்ந்தது, ஏனெனில் எஸ்விஜி தானே எழுத்துதான். பக்கத்தின் நடுவில் நேரடியாக எழுதிவிடலாம். நடை அழகு சொல்லும் சிஎஸ்எஸ்ஸையும் அதே கோப்பின் தலையில் வைத்துவிட்டேன். ஒரு சீட்டு, ஒரு கோப்பு.

ஜூன் 15

ஒருவர் கேட்கிறார்: சீட்டை வாங்கியவர் நோட்பேடில் திறந்து தொகையைத் திருத்திவிட்டால்? எக்செல் போன்ற விரிதாளையும் திருத்தலாமே. கையொப்பமிட்ட அச்சுப்படிதான் எங்களுக்குச் சான்று. கைப்பேசிக்குப் போவது தகவல். மாறாமல் நெடுங்காலம் கிடக்க வேண்டிய படிக்கு பிடிஎஃப்/ஏ இருக்கிறது, அதுவும் 2005 முதல் ஐஎஸ்ஓ தரம்.

ஜூன் 16

அச்சு என்றதும் நினைவுக்கு வந்தது. முதன்முதலாக எச்டிஎம்எல்லிலிருந்து அச்செடுத்த டெலிவரி சலான், பையரின் ஆள் கையில் போய்ச் சேர்ந்த பிறகுதான் கவனித்தேன்: தாளின் அடியில் என் கணினியின் முழு முகவரி, சி டிரைவ், அதற்குள் ‘லாஸ்ட் ஃபைனல் 2’ என்ற கோப்புறைப் பெயர் எல்லாம் அச்சாகியிருந்தன. அச்சுப் பெட்டியில் தலைக்குறிப்பு, அடிக்குறிப்பு என்ற கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிட வேண்டும். உலாவி தானாக அதை எடுக்காது.

ஆனால் மனம் குளிர்ந்த இடமும் அச்சில்தான். நீண்ட அட்டவணையின் தலைவரியை ‘டிஹெட்’ என்ற குறிக்குள் வைத்தால், பேக்கிங் லிஸ்ட் பதினான்கு தாள் ஓடினாலும் ஒவ்வொரு தாளின் மேலும் அதே தலைவரி தானாக அச்சாகிறது. பக்க எண் மட்டும் உலாவியால் நம் விருப்பப்படி இட முடியாது. அதற்கு நான் கையால் எழுதுகிறேன்.

ஜூன் 22

இனிக் கணக்கு. முதலில், விரிதாளை விட்டு ஓட வேண்டும் என்று எனக்குத் தோன்றவைத்த நாள்.

குழந்தைகள் பனியனுக்கு அளவு என்பது வயது: 3-4, 5-6, 7-8, 9-10, 11-12, 13-14. ஒரு ஆர்டரின் அளவுப் பட்டியலை சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக, வைத்திருந்தேன். பேக்கிங் பிரிவில் ஒருவர் அதை விரிதாள் மென்பொருளில் இரட்டைச் சொடுக்காகத் திறந்து, ஓர் எண்ணை மாற்றிச் சேமித்துவிட்டார். அட்டைப்பெட்டி ஸ்டிக்கர் அச்சாகி வந்தபோது அளவு இருக்க வேண்டிய இடத்தில் 03-ஏப்ரல், 05-ஜூன், 07-ஆகஸ்ட், 09-அக்டோபர், 11-டிசம்பர் என்று வரிசையாக நின்றன. 13-14 மட்டும் பிழைத்தது, பதினான்காவது மாதம் என்று ஒன்று இல்லாத புண்ணியத்தால். செக்கிங்கில் இருந்த அக்கா ஸ்டிக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்ப ஆகஸ்ட்ல பொறந்த கொழந்தைக்கு மட்டுந்தானுங்களா இந்தப் பனியன்?” என்று கேட்டார்.

இது எங்கள் பேக்கிங் பிரிவின் அறியாமை என்று கடிந்துகொள்ள வேண்டாம். மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே இந்தத் தொல்லை தாங்காமல், விரிதாள்கள் தேதியாக மாற்றிவிடுகின்றன என்பதற்காக, 2020இல் ‘மார்ச்1’ என்ற மரபணுவை ‘மார்ச்எஃப்1’ என்றும் ‘செப்ட்1’ என்பதை ‘செப்டின்1’ என்றும் மாற்றி அறிவித்தது. விஞ்ஞானிகளே பெயரை மாற்றிக்கொண்டு வழிவிட்டார்கள். நாங்கள் மட்டும் எம்மாத்திரம்? நாங்களும் இப்போது ‘5-6 வயது’ என்று சொல் சேர்த்துத்தான் எழுதுகிறோம்.

எச்டிஎம்எல் அட்டவணை இந்த அதிகப்பிரசங்கித்தனத்தைச் செய்வதில்லை. 5-6 என்று எழுதினால் 5-6 என்றே காட்டும். வங்கிக் கணக்கு எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யத்தையும் தின்னாது. இந்த ஒரே நிம்மதிக்காகக் கூலிக் கணக்கையும் வலைப்பக்கத்துக்குள் கொண்டுவந்தேன். அங்கேதான் வினை.

ஜூன் 23

எச்டிஎம்எல் அட்டவணைக்குக் கூட்டத் தெரியாது. கட்டங்களைக் காட்டும், அவ்வளவுதான். கூட்ட வேண்டுமானால் ஜாவாஸ்கிரிப்டில் நிரல் எழுதிப் பக்கத்துக்குள் வைக்க வேண்டும். எழுதினேன். ஒரு பீஸுக்கு 1.10 ரூபாய் கூலி, மூன்று பீஸ் என்று சோதித்துப் பார்த்தபோது, விடை 3.3000000000000003 என்று வந்தது. கணினி பின்னங்களை இரண்டின் அடிமானத்தில் வைத்துக்கொள்வதால் வரும் மிச்சம் இது. விரிதாளுக்கு உள்ளேயும் இதே கணக்குமுறைதான் ஓடுகிறது. கட்டத்தில் காட்டும்போது மட்டும் அது நாகரிகமாக மறைத்துவிடுகிறது. பிறகு எல்லாக் கூலியையும் பைசாவில் முழு எண்ணாக வைத்துக் கூட்டி, காட்டும்போது மட்டும் நூறால் வகுத்தேன். சரியாக வந்தது. லட்சத்துக்கு நம் முறைப்படி காற்புள்ளி இடும் வசதியும் உலாவிக்குள்ளேயே இருந்தது.

இரண்டு மாதம் பெருமையோடு திரிந்தேன். ஒரு சனிக்கிழமை, ஃபிளாட்லாக் தையலுக்கு மட்டும் ரேட் மாறியது. நான் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். கணக்கு எழுதும் அம்மிணி தொலைபேசியில், “ஏனுங்க சார், ஒரு ரேட்டு மாத்தோணும்னாக்கூட உங்களைக் கூப்பிடோணுமுங்களா?” என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை, அதனால்தான் உறைத்தது. ஒருவருடைய மென்பொருளுக்கு அடிமையாக இருக்கக் கூடாது என்று தொடங்கிய நான், கம்பெனியையே என்னுடைய நிரலுக்கு அடிமையாக்கி வைத்திருந்தேன்.

ஜூன் 24

கோவை நண்பர் ‘இதற்கெல்லாம் கூகுள் ஷீட்ஸ் போதுமே, அதுவும் வலைதானே’ என்கிறார். வலையில் இருப்பது வேறு, வலை வடிவத்தில் இருப்பது வேறு. அங்கே உங்கள் கையில் கோப்பு என்று ஒன்று கிடையாது. இறக்கிக்கொள்ளும்போது கிடைப்பது மறுபடியும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ், ஓடிஎஸ் (ஓடிஎஃப் குடும்பத்தின் விரிதாள்), சிஎஸ்வி முதலியனதாம். பலர் ஒரே நேரத்தில் எழுத அது நல்ல இடம், மறுக்கவில்லை. காங்கேயத்தார் கேட்டது அதையன்று.

ஜூன் 29

இரண்டாவது யோசனையாக நான் வந்து சேர்ந்த இடம் இது. கணக்குப் போடும் வேலைக்கு ஓடிஎஸ் விரிதாள், லிப்ரேஆஃபிஸில். ரேட்டை அம்மிணியே மாற்றுகிறார். வாரம் முடிந்ததும் அந்த வாரத்தின் எண்கள் மட்டும் சிஎஸ்வியாக ஒரு கோப்புறைக்குள் போகும். அதிலிருந்து பிறக்கும் கூலிச்சீட்டு எச்டிஎம்எல். சமைக்கும் பாத்திரம் வேறு, பரிமாறும் இலை வேறு என்று ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை நாளாயிற்று. பிரிட்டன் அரசு 2014 ஜூலையிலேயே, பார்ப்பதற்கான ஆவணம் என்றால் எச்டிஎம்எல் அல்லது பிடிஎஃப்/ஏ, சேர்ந்து திருத்துவதற்கு என்றால் ஓடிஎஃப் என்று இதே இடத்தில் கோடு கிழித்திருக்கிறது. முன்பே படித்திருந்தால் அந்த இரண்டு மாத ஜாவாஸ்கிரிப்ட் மிச்சமாகியிருக்கும். ஆனால் படித்திருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

விரிதாளின் தந்தையரில் ஒருவரான டான் பிரிக்ளின், 1979இல் விசிகால்க்கைக் கொண்டுவந்தவர், பின்னாளில் உலாவிக்குள் ஓடும் விக்கிகால்க் என்ற விரிதாளையும் தாமே எழுதிப் பார்த்தார். ஆகவே ஆசைப்பட்டதில் நான் தனி ஆள் இல்லை.

சிஎஸ்விக்கு இரண்டு எச்சரிக்கை. தமிழ்ப் பெயர்கள் இருந்தால், யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் சேமியுங்கள். கோப்பின் தொடக்கத்தில் அதற்கான மூன்று பைட் அடையாளம் இல்லையென்றால் சில மென்பொருள்கள் பெயர்களைப் புரியாத கிறுக்கலாகக் காட்டும். திறக்கும்போது லிப்ரேஆஃபிஸ் ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்கும். அங்கே அளவு, கணக்கு எண் ஆகிய பத்திகளைத் தொட்டு ‘உரை’ என்று சொல்லிவிட வேண்டும். சோம்பேறித்தனமாக எண்டர் தட்டினால், பூஜ்யத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

ஜூலை 6

படக்காட்சி. பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரியில், பின்னலாடைத் தொழிலில் தரச் சோதனை பற்றி மாணவர்களிடம் பேச அழைத்திருந்தார்கள். எரிக் மேயர் 2004இல் வெளியிட்ட எஸ்5, அடுத்த ஆண்டு டேவ் ராகெட் எழுதிய ஸ்லைடி ஆகியவை தொடங்கிவைத்த வழி இது: ஒரே வலைப்பக்கம், அதன் ஒவ்வொரு பிரிவும் ஒரு திரை. நான் பயன்படுத்தியது அவற்றுக்குப் பின்னால் வந்த ரிவீல் என்ற நிரல் நூலகம். அரங்கின் கணினியில் எந்த அலுவலக மென்பொருளும் இல்லை, உலாவி இருந்தது. மனத்துக்குள் மார்தட்டிக்கொண்டு கோப்பைத் திறந்தேன்.

திரை திரையாக வர வேண்டிய இருபத்திரண்டு பகுதிகளும் ஒன்றன் கீழ் ஒன்றாக, வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாகக் கொட்டிக் கிடந்தன. ரிவீல் நூலகத்தை என் கோப்பு இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். அரங்கில் இணையம் இல்லை. பிழை முழுக்க என்னுடையது. ஒரு நிமிடம் வியர்த்தது. பிறகு எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு, கீழே உருட்டிக்கொண்டே பேசினேன். தையல் குறைபாட்டுப் படங்கள் பக்கத்துக்குள்ளேயே பதித்தவை என்பதால் அவை அனைத்தும் வந்தன, தலைப்புகள் தலைப்புகளாகவே நின்றன, தமிழ் எழுத்து ஒன்றுகூட உடையவில்லை. கட்டடம் சரிந்தபின்னும் வீட்டுச் சாமான் எல்லாம் முழுசாகக் கிடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஓடாத விரிதாளிடமோ திறக்காத படக்காட்சிக் கோப்பிடமோ இந்தக் கருணையை எதிர்பார்க்க முடியாது.

இப்போது நூலகத்தையும் சேர்த்தே பென்டிரைவில் கொண்டுபோகிறேன்.

ஜூலை 7

திருத்தம். ஜூன் 16இல், உலாவியால் பக்க எண் இட முடியாது என்று எழுதினேன். நாமக்கல்லிலிருந்து ஒருவர் சுட்டிக்காட்டிய பின் பார்த்தேன்: தாளின் ஓரங்களில் எழுத உதவும் சிஎஸ்எஸ் வசதி, 2024 நவம்பரில் வந்த குரோம் உலாவியின் 131ஆம் பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. சலானின் கீழ் வலது மூலையில் ‘பக்கம் 3 / 14’ என்று வர நான்கு வரி போதும். எட்டு மாதமாகக் கையால் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 20

வருகைப் பட்டியலில் கனகாவுக்குப் பின்னால் கமலா வருகிறார், ஏன் என்று கேட்ட அன்பருக்கு: யூனிகோடில் ‘ன’வுக்கு ‘ந’வை அடுத்த எண் கொடுத்திருக்கிறார்கள், நம் அகரவரிசையிலோ ‘ன’ கடைசி மெய். எண் வரிசையில் அடுக்கினால் கனகா முந்துவார். ஜாவாஸ்கிரிப்டில் ஒப்பிடும்போது மொழி தமிழ் என்று குறிப்பிட்டால் கமலா தம் இடத்துக்கு வந்துவிடுவார். எங்கள் கம்பெனியிலும் இரண்டு பேரும் இருக்கிறார்கள். போனஸ் பட்டியலில் யார் பெயர் முதலில் என்பது அங்கே சாதாரண விஷயமன்று.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு விடுமுறையில் காங்கேயத்தார் தம் முதல் கோப்பை அனுப்பியிருக்கிறார். பதினோரு வருடத்தையும் ஒரே மூச்சில் மாற்றவில்லை, இந்த வருடத்தை மட்டும் எடுத்துக்கொண்டார், நல்லது. கணக்கு ஓடிஎஸில் இருக்கிறது, வியாபாரிகளுக்குக் கொடுக்கும் எடைச்சீட்டு எச்டிஎம்எல்லில். கைப்பேசியில் சரியாகத் தெரிகிறதாம். அச்சில் மட்டும் ‘ஈரப்பதக் கழிவு’ என்ற கடைசிப் பத்தி தாளுக்கு வெளியே போய்விடுகிறதாம், அந்தப் பத்தியில்தான் வியாபாரிகளோடு வாக்குவாதமே நடக்கும் என்பதால் அது இல்லாமல் சீட்டு செல்லாது என்கிறார். பார்த்தேன். பத்துப் பத்திகளை நெட்டுவாக்கில் திணித்திருக்கிறார். சிஎஸ்எஸ்ஸின் ‘பேஜ்’ விதியில் ‘லேண்ட்ஸ்கேப்’ (கிடைவாக்கு) என்று ஒரு வரி சேர்த்து, எழுத்தளவை ஒரு புள்ளி குறைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நாளை மூட்டை எடை போட்டதும் ஒரு படி எடுத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.